பேச்சு திரும்பும் இடம்: புதிதாகச் சமரசராக உட்காருபவர்களுக்கு

நீதிமன்றத்துக்குப் போன இரு தரப்பையும் உட்காரவைத்து, அவர்களே பேசி முடித்துக்கொள்ள உதவுபவர்தான் சமரசர். அதற்கான பயிற்சி 40 மணி நேரம். அதை முடித்துவிட்டு முதல் வழக்குக் கட்டோடு அறைக்குள் நுழையும்போது, படித்த கட்டங்கள் எல்லாம் வரிசையாக நினைவில் இருக்கும்: தொடக்க உரை, கூட்டு அமர்வு, தனி அமர்வு, ஒப்பந்தம். ஐந்தாவது நிமிடத்தில் ஒருவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து, "இவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு என்னால உக்கார முடியாதுங்க" என்பார். அப்போது எங்கே பார்ப்பது, என்ன சொல்வது, எதைச் சொல்லாமல் இருப்பது? பயிற்சியில் இதற்கு ஒரு மணி நேரம்கூடக் கிடைக்காது. ஆனால் வேலையே அதில்தான் இருக்கிறது. அதனால் கட்டங்களை விட்டுவிட்டு, கணத்துக்குக் கணம் செய்ய வேண்டியதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005 ஏப்ரலில் சமரச மையம் தொடங்கியது. நீதிமன்றத்தோடு இணைந்து நாட்டில் முதலில் வந்த மையம் அது. இப்போது மாவட்டந்தோறும் மையம் இருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89ஆவது பிரிவின்படி நீதிபதி அனுப்பிவைக்கும் வழக்குகள் நம்மிடம் வருகின்றன: பாகப்பிரிவினை, கடன், வாடகை, குடும்ப வழக்குகள். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நம்மை ஒரு குட்டி நீதிபதி என்றோ நாட்டாமை என்றோ நினைத்துக்கொண்டுதான் உட்காருவார்கள். நாட்டாமை தீர்ப்புச் சொல்வார். நாம் சொல்ல மாட்டோம். இந்த ஒரு வித்தியாசத்தை அவர்கள் நம்பும்வரை மற்ற எதுவும் நகராது. முதலில் நாமே அதை நம்ப வேண்டும்.

உதாரணத்துக்கு ஓர் அண்ணன் தம்பி வழக்கைக் கட்டுரை முழுக்க எடுத்துக்கொள்கிறேன். ஆள், ஊர், அளவு எல்லாம் மாற்றியிருக்கிறேன். அடையாளம் தெரியும்படி எதையும் வெளியில் சொல்லக் கூடாது என்பது இந்த வேலையின் முதல் விதி. இரண்டரை ஏக்கர், பொதுக் கிணறு, ஒரே ஒரு மோட்டார். மோட்டார் ரூம் சாவி அண்ணனிடம். வழக்குக்கு வயது ஏழு.

அவர்கள் வருவதற்கு முன்

அரை மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். நாற்காலிகளை நீங்களே போடுங்கள். இருவரும் உங்களிடமிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். நேருக்கு நேர் முறைத்துக்கொள்கிற மாதிரி வேண்டாம். இருவருமே உங்களைப் பார்க்கிற மாதிரி சற்றுச் சாய்வாகப் போடுங்கள். வழக்கறிஞர்கள் கட்சிக்காரருக்குப் பக்கத்தில் உட்காரட்டும், முன்னால் வேண்டாம். தண்ணீர் வையுங்கள். கோபத்தில் இருப்பவர் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்து வைப்பதற்குள் நாலு நொடி கிடைக்கும். அந்த நாலு நொடிக்குப் பெரிய மதிப்பு உண்டு.

ஒரு தரப்பு சீக்கிரம் வந்துவிட்டால் அவர்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்காதீர்கள். மழை பெய்ததா என்றுதான் விசாரித்திருப்பீர்கள். ஆனால் அடுத்தவர் கதவைத் திறக்கும்போது அவர் கண்ணில் படுவது நீங்கள் இருவரும் சிரித்துப் பேசுவதுதான். அந்தக் காட்சியைப் பிறகு எந்தத் தொடக்க உரையாலும் அழிக்க முடியாது.

கூப்பிடும் விதம்

தமிழில் நடுநிலை தவறுவதற்கு வாதம் எதுவும் செய்ய வேண்டியதில்லை, விளித்தாலே போதும். கணவனை "சார்" என்றும் மனைவியை "ஏம்மா" என்றும் அழைத்துவிட்டு, நான் யார் பக்கமும் இல்லை என்று பத்து நிமிடம் பேசிப் பயனில்லை. அந்தப் பெண்ணுக்கு முதல் வார்த்தையிலேயே விஷயம் புரிந்துவிடும். பேன்ட் போட்டவருக்கு ஒரு மரியாதை, வேட்டி கட்டியவருக்கு ஒரு மரியாதை என்று நாக்கு தானாகப் போகும். அதைப் பிடித்து நிறுத்தப் பழக வேண்டும்.

நான் செய்வது இது: "உங்கள எப்படிக் கூப்பிடட்டும்?" என்று முதலிலேயே இருவரிடமும் கேட்டுவிடுவேன். பிறகு வயது, படிப்பு, வசதி என்ன வித்தியாசம் இருந்தாலும் இருவருக்கும் ஒரே படியில் "நீங்க", "வாங்க", "சொல்லுங்க". அந்தச் சகோதரர்கள் வந்தபோது வழக்கறிஞர்களே "பெரியவர்", "சின்னவர்" என்று பேச ஆரம்பித்தார்கள். ஊரில் இயல்பான பேச்சுதான். ஆனால் சின்னவருக்கு வயது 54, பேரன் எடுத்தவர். அவரைச் சின்னவர் என்று கூப்பிடும் ஒவ்வொரு முறையும், நீதான் இறங்கிப் போக வேண்டும் என்று சொல்லாமல் சொல்கிறோம். பெரியவர் என்ற சொல்லிலும், பெரிய மனுஷன் விட்டுக்கொடுத்துப் போகலாமே என்ற எதிர்பார்ப்பு ஒட்டியிருக்கிறது. அன்று இருவரையும் பெயர் சொல்லி, பின்னால் "ஐயா" சேர்த்து அழைத்தேன்.

தொடக்க உரையைச் சுருக்கமாக முடியுங்கள். ஐந்து நிமிடம் போதும். இங்கே பேசுவது வெளியே போகாது, நீதிமன்றத்தில் சாட்சியமாகாது. பிடிக்கவில்லை என்றால் எந்த நேரமும் எழுந்து போகலாம். நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஒருவர் பேசும்போது மற்றவர் குறித்து வைத்துக்கொள்ளலாம், முறை வரும்போது பேசலாம். தீர்ந்தால் மனுதாரர் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 69-ஏ பிரிவு அதற்கு வழி செய்கிறது. இதைச் சொல்லும்போது எதிர்த் தரப்பும் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

கேட்பது

முதல் சுற்றில் உங்களுக்கு வேலை ஒன்றே ஒன்றுதான்: குறுக்கே பேசாமல் இருப்பது. பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். தேதி, தொகை வந்தால் மட்டும் எழுதுங்கள். ஒருவர் வாய் தடுமாறிச் சொல்லும் நேரத்தில் நாம் குனிந்து எழுதிக்கொண்டிருந்தால், அவர் போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுப்பது போல உணர்வார்.

"ஏன்" என்ற கேள்வியை மூட்டை கட்டி வையுங்கள். "ஏன் பணம் கொடுக்கல?" என்றால் அது விசாரணை, பதிலுக்கு வருவது தற்காப்பு. "பணம் கொடுக்கிற நேரத்துல என்ன நடந்துச்சு?" என்றால் கதை வரும். அதேபோல் "தானே". "நீங்க கையெழுத்துப் போட்டீங்கதானே?" என்பது கேள்வி வடிவத்தில் இருக்கும் குற்றச்சாட்டு. குறுக்கு விசாரணையில் பழகிய வழக்கறிஞர்களுக்கு இதை விடுவது ரொம்பக் கஷ்டம். எனக்கும் இரண்டு வருடம் ஆயிற்று.

கேட்டதைத் திருப்பிச் சொல்லும்போதுதான் பெரிய வழுக்கல் இருக்கிறது. தமிழில் "ஆம்" என்று ஒரு விகுதி உண்டு. "அவர் பணம் கொடுத்தாராம்." இலக்கணத்தில் பார்த்தால் கேள்விப்பட்டதைச் சொல்வது. காதுக்கு எப்படி விழும்? கொடுத்ததாகச் சொல்கிறான், யார் நம்புவது என்று விழும். கேலி என்றே எடுத்துக்கொள்வார்கள். ஆகவே "கொடுத்தாராம்" வேண்டாம். "கொடுத்ததாகச் சொல்றார்", அதைவிட நேராக அவரைப் பார்த்தே, "பணம் கொடுத்துட்டேன்னு சொல்றீங்க, சரியா?" அவர் தலையாட்டிய பிறகு அடுத்தது. தலையாட்டல் வரவில்லை என்றால் நீங்கள் சரியாகக் கேட்கவில்லை. "எது விட்டுப்போச்சு?" என்று கேட்டு மறுபடி சொல்லுங்கள்.

அடுத்து, கொதிப்பை எடுத்துவிட்டு விஷயத்தைத் திருப்பிக் கொடுப்பது. "அவன் திருடன்" என்று ஒருவர் சொல்கிறார். அதை மறுக்கவும் கூடாது, அப்படியே திரும்பச் சொல்லவும் கூடாது. "விளைச்சல் கணக்கு ஒளிவுமறைவு இல்லாம தெரியணும்னு நினைக்கிறீங்க." திருடன் என்ற சொல் போய்விட்டது, அதற்குள் இருந்த தேவை மேசைக்கு வந்துவிட்டது. "என் பேச்சுக்கு இந்த வீட்ல மரியாதையே இல்ல" என்றால், "முடிவு எடுக்கிறப்ப உங்களயும் ஒரு வார்த்தை கேக்கணும்." இதை வீட்டிலேயே பழகலாம். டிவி விவாதத்தில் யாராவது கத்தும்போது, அவர் கேட்பது என்ன என்று ஒரு வரியில் சொல்லிப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. சொன்னதைத் தணிக்கிறேன் என்று கரைத்தே விடக் கூடாது. அடித்தார் என்று ஒரு பெண் சொன்னால், அதை "கருத்து வேறுபாடு" என்று திருப்பிச் சொல்வது அநியாயம். அடித்ததை அடித்தது என்றே சொல்ல வேண்டும். அவர் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறார், கணவனைப் பார்த்துப் பார்த்துப் பேசுகிறார் என்று தெரிந்தால் கூட்டு அமர்வை அங்கேயே நிறுத்துங்கள். தனியாகப் பேசுங்கள். அவருக்குப் பாதுகாப்பு இல்லை என்று தோன்றினால் வழக்கைத் திருப்பி அனுப்புங்கள். எல்லா வழக்கும் சமரசத்துக்கு உகந்தது இல்லை. தீர்த்துவைத்த எண்ணிக்கையைக் காட்டுவதற்காக யாரையும் பயத்தில் கையெழுத்துப் போட வைக்கக் கூடாது.

குரல் உயரும்போது

எழுந்து நிற்பவரைப் பார்த்து நீங்களும் எழாதீர்கள். "கத்தாதீங்க" என்று சொல்லாதீர்கள். அந்தச் சொல்லுக்குப் பிறகு யாரும் அடங்கி நான் பார்த்ததில்லை. உங்கள் குரலைக் குறைத்து வேகத்தையும் குறையுங்கள். "எங்கிட்ட சொல்லுங்க" என்று சொல்லி உடம்பை அவர் பக்கம் லேசாகத் திருப்புங்கள். எதிராளியை நோக்கிப் போய்க்கொண்டிருந்த பேச்சு உங்களை நோக்கி வளைந்துவிடும். எதிராளியிடம் சொன்னால் பதிலடி வரும், உங்களிடம் சொன்னால் வராது. அவ்வளவுதான் இதன் சூட்சுமம். அப்புறம் சொல்லி முடித்ததும் ஒரு வரியில் திருப்பிச் சொல்லுங்கள்.

கோபம் எல்லாமே கெடுதல் என்று நினைக்க வேண்டாம். ஏழு வருடம் வாய்தாவுக்கு அலைந்தவர் தன் வாயால் ஒரு முறைகூட நீதிபதியிடம் தன் கதையைச் சொல்லியிருக்க மாட்டார். வழக்கறிஞர்தான் பேசியிருப்பார். முதல் முறையாக அவரே பேசுகிறார், அதனால் சத்தமாகத்தான் வரும். ஒரே வாக்கியத்தை மூன்றாவது முறை அதே சத்தத்தில் சொல்கிறாரா, அப்போதுதான் இடைவேளை விட வேண்டும்.

மௌனம்

இரண்டாவது அமர்வில் தம்பி கிணற்றைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவர், நடுவில் சம்பந்தமே இல்லாமல் ஒன்றைச் சொன்னார்: "அம்மா கருமாதிக்கு எனக்கு ஆள் விட்டுச் சொன்னாருங்க."

சொல்லிவிட்டு நிறுத்திவிட்டார். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அண்ணன் தரப்பு வழக்கறிஞர், அது வழக்கில் இல்லாத விஷயம் என்று சொல்ல வாயெடுத்தார். மேசைக்கு மேல் உள்ளங்கையை லேசாக உயர்த்தினேன், அவரும் புரிந்துகொண்டு நிறுத்தினார். எனக்குள்ளும் ஒரு அவசரம்: "சரி, பழசை விடுவோம், கிணத்துக்கு வருவோம்" என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து நாலாக மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். நான் இருபதைத் தாண்டி எண்ணியிருப்பேன். தம்பியைப் பார்க்காமல், துண்டைப் பார்த்தபடியே சொன்னார்: "நேர்ல வந்தா நீ கதவத் தொறப்பியான்னு பயமா இருந்துச்சுடா."

ஏழு வருடத்தில் தம்பியை நேராக "நீ" என்று அவர் பேசியது அதுதான் முதல் முறை. அதுவரை "எதிர்த் தரப்பு", "அந்த ஆளு". வழக்கு அன்றே தீர்ந்துவிடவில்லை. மோட்டார் எந்தக் கிழமை யாருக்கு என்பதில் இன்னும் இரண்டு அமர்வு இழுபறி நடந்தது. ஆனால் சண்டை கிணற்றைப் பற்றியதாக மாறிவிட்டது. கிணற்றைப் பற்றிய சண்டையைக் கணக்குப் போட்டுத் தீர்க்கலாம்.

இப்படி ஒரு வாக்கியம் வழக்குக்கு வெளியிலிருந்து திடீரென்று விழும்போது, அதை ஒதுக்கிவிட்டு விஷயத்துக்கு வரச் சொல்லாதீர்கள். பெரும்பாலும் அதுதான் விஷயம். மௌனத்தைத் தாங்கப் பழகுங்கள். பத்து எண்ணுங்கள், பிறகு இன்னொரு பத்து. யாருடைய கை எங்கே போகிறது என்று பாருங்கள்.

தனி அமர்வு

ஒருவரை வெளியே உட்காரவைத்துவிட்டு மற்றவரோடு பேசுவது. முதலில் ஏன் பிரிக்கிறோம் என்று இருவருக்கும் சேர்த்தே சொல்லுங்கள். ஒருவருக்கு இருபது நிமிடம் கொடுத்தால் மற்றவருக்கும் கிட்டத்தட்ட அதே அளவு. வெளியே காத்திருப்பவருக்கு ஒவ்வொரு நிமிடமும் பத்து நிமிடமாகத் தெரியும். நேரம் கூடுவதாக இருந்தால் எழுந்து போய் "இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்" என்று நீங்களே சொல்லிவிட்டு வாருங்கள். அவருக்கு ஒரு வேலையும் கொடுங்கள்: உங்களுக்குக் கட்டாயம் வேண்டியது எது, இருந்தால் நல்லது என்பது எது, இரண்டையும் யோசித்து வையுங்கள் என்று.

தனி அமர்வில் அண்ணன் சொன்னார்: "இன்னொரு சாவி போட்டுக் குடுக்க எனக்கு என்னங்க? ஆனா நானா சொன்னா தோத்துட்டேன்னு ஊர் பேசும்."

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இது. அப்படியே எழுந்து போய், "உங்க அண்ணன் சாவி தர்றேங்கிறார்" என்று தம்பியிடம் சொல்லிவிடுவார்கள். நல்ல செய்திதானே என்று தோன்றும். ஆனால் அது அவர் நம்மை நம்பிச் சொன்னது. அனுமதி இல்லாமல் நல்ல செய்தியைக்கூட வெளியே எடுத்துப்போகக் கூடாது. ஒவ்வொரு தனி அமர்வின் முடிவிலும், "இதுல எதை அவர்கிட்ட சொல்லலாம், எது நமக்குள்ள இருக்கணும்?" என்று கேட்டு, பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் அண்ணனிடம் கேட்டேன்: "சாவிய ஒரு கேள்வியா அவர்கிட்ட போட்டுப் பாக்கலாமா? உங்க பேரு வராது." சரி என்றார். தம்பியிடம் போய், "மோட்டார் விஷயத்துல எது சரியானா உங்களுக்கு நிம்மதி?" என்று மட்டும் கேட்டேன். "ராத்திரி கரண்டு வந்தா அவர் வீட்டு வாசல்ல போய் நிக்காம இருந்தாப் போதும்" என்றார். சாவி அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது. கூட்டு அமர்வில் அவர் கேட்டார், அண்ணன் ஒப்புக்கொண்டார். யாரும் தோற்கவில்லை.

வழக்கைத் தொடர்ந்தால் என்ன ஆகும் என்று யோசிக்க வைப்பதும் தனி அமர்வில்தான். "நீங்க தோத்துடுவீங்க" என்று பயமுறுத்துவது நம் வேலை இல்லை. "கீழ்க்கோர்ட்ல ஜெயிச்சா அவங்க மேல்முறையீடு போவாங்களா? அதுவரைக்கும் தென்னைக்குத் தண்ணி?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பதிலை அவர்களே கணக்குப் போடட்டும்.

தீர்வு உங்கள் வாய்க்கு வரும்போது

முதல் அமர்வு முடிவதற்குள்ளேயே உங்களுக்கு ஒரு வழி தெரிந்துவிடும். உடம்பு முன்னால் சாயும், குரலில் ஒரு உற்சாகம் வரும், "நான் ஒண்ணு சொல்லட்டுமா" என்று வாய் திறக்கும். முன்னால் சாய்வதுதான் அடையாளம். சாய்ந்ததை உணர்ந்தால் நாற்காலியில் முதுகை வைத்து உட்கார்ந்து ஒரு கேள்வி கேளுங்கள்.

ஆரம்ப காலத்தில் ஒரு கடை வாடகை வழக்கில் நானே தொகையைச் சொல்லி, இருவரையும் ஒப்புக்கொள்ள வைத்து, பெருமையாக வீட்டுக்குப் போனேன். அடுத்த மாதம் இரு தரப்பும் ஒப்பந்தத்தை மீறின. விசாரித்தபோது இருவரும் சொன்னது ஒரே பதில்: "நீங்க சொன்னீங்கன்னு ஒத்துக்கிட்டோம்." அந்தப் பதில் எனக்கு இன்றும் வலிக்கிறது. தொகை நியாயமானதுதான். ஆனால் அது அவர்களுடையதாக இல்லை. அவர்களாகப் பேசி எட்டியிருந்தால், அதைவிட மோசமான தொகையைக்கூடக் கட்டியிருப்பார்கள்.

ஒருவர் முதலில் சொல்லும் தொகை அடுத்தவருக்கு அவமானமாக இருக்கும், அது வழக்கம்தான். "இந்தக் கணக்கு எப்படி வந்துச்சு?" என்று கேட்டு, தொகைக்குப் பின்னால் இருக்கும் கணக்கை வெளியே எடுங்கள். இலங்கையில் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் மத்தியஸ்த சபைகளில் மூன்று பேர் சேர்ந்து உட்காருகிறார்கள். ஒருவர் தவறும்போது இன்னொருவர் பிடித்துக்கொள்ளலாம். இங்கேயும் முதல் சில வழக்குகளை மூத்த ஒருவரோடு சேர்ந்து செய்யக் கேளுங்கள். அமர்வு முடிந்ததும், "நான் எங்க முன்னால சாஞ்சேன்?" என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

எழுதும்போது

ஒப்புக்கொண்ட சந்தோஷத்தில் அவசரமாக எழுதப்பட்ட ஒப்பந்தம்தான் அடுத்த வழக்கின் விதை. "தண்ணீரைச் சுமுகமாகப் பகிர்ந்துகொள்வார்கள்" என்று எழுதினால் ஒரு பருவம்கூடத் தாங்காது. அந்த வழக்கில் நாங்கள் எழுதியது இப்படி: திங்கள், செவ்வாய், புதன் அண்ணனுக்கு; வியாழன், வெள்ளி, சனி தம்பிக்கு; ஞாயிறு மாறி மாறி. நாள் என்பது காலை 6 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 6 மணி வரை. சாவி இரண்டு, ஆளுக்கு ஒன்று. மோட்டார் காயில் கருகினால் செலவு சரிபாதி. யாருடைய முறையில் போனதோ அவர் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். மூன்று நாளில் வேலை முடிய வேண்டும். ஒருவர் பங்கைக் கொடுக்கத் தாமதித்தால் மற்றவர் போட்டுச் செய்துவிட்டு ரசீதைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம். வண்டித்தடம் 10 அடி, அதில் வைக்கோல் போர் போடக் கூடாது.

அந்தக் காயில் விஷயத்தைத் தம்பியின் மனைவிதான் எழுப்பினார். கடைசியில், கதவோரம் நின்றுகொண்டு. ஒப்பந்தத்தை நடத்தப்போகிறவர்கள் யார் யார், அவர்கள் எல்லோரும் அறைக்குள் இருக்கிறார்களா என்று எழுதும் முன் ஒரு முறை பாருங்கள். கையெழுத்துக்கு முன் முழுவதையும் தமிழில், சத்தமாக, நிதானமாகப் படித்துக் காட்டுங்கள். ஒவ்வொரு பிரிவு முடிந்ததும் நிறுத்தி இருவர் முகத்தையும் பாருங்கள். புருவம் சுருங்கினால் அங்கேயே பேசிக்கொள்ளலாம்.

தீராவிட்டால்

தீராமல் போவதும் உண்டு. 2023ஆம் ஆண்டு சமரசச் சட்டம் 120 நாள் கெடு சொல்கிறது. இரு தரப்பும் ஒப்பினால் மேலும் 60 நாள். ஒரு பகுதி 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது, எல்லாப் பிரிவுகளும் ஒரே நேரத்தில் வரவில்லை என்பதால் உங்கள் மையத்தில் எது பொருந்தும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தீராத வழக்கை அனுப்பும்போது அறிக்கையில் தீர்வு ஏற்படவில்லை என்று மட்டும் எழுதுங்கள். யார் பிடிவாதம் பிடித்தார், யார் எவ்வளவு தருவதாகச் சொன்னார் என்று ஒரு எழுத்துகூட வரக் கூடாது. நீதிபதி வாய்மொழியாகக் கேட்டாலும் சொல்லக் கூடாது.

தீராத வழக்கிலும் எதையெல்லாம் ஒப்புக்கொண்டார்கள் என்பதைக் கடைசி அமர்வில் அவர்களிடமே ஒரு முறை சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து, நீதிமன்ற வராந்தாவில் அவர்களே பேசி முடித்துக்கொண்ட வழக்குகள் உண்டு.

எல்லோரும் போன பிறகு குறிப்புத் தாள்களை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டு, அடுத்தவர்களுக்காக நாற்காலிகளைப் பழையபடி போடுங்கள்.